குளிர்கால கராஜும் ஒரு சின்ன ஹீற்றரும்

தம்பி, கராஜில் மரவேலை தொடங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சின்ன ஹீற்றர் ஒன்றும் வாங்கிவிட்டாயாம். ஸ்காபரோவில் 35 குளிர்காலம் கராஜுக்குள் நின்றவன் உன் மாமா. மரத்தில் நான் விட்ட பிழைகள் விறகாகப் போயின. சூட்டில் விட்ட பிழைகள் அப்படிப் போகவில்லை. அவற்றை உனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை.

1. கராஜை வீடாக்க நினைக்காதே. 1500 வாற் ஹீற்றர் ஒரு படுக்கையறைக்குப் போதும். வெளியே மைனஸ் 15 பாகை இருக்கும் நாளில், தகரக் கதவும் சீமெந்துத் தரையும் உள்ள இடத்தில் அது கை விறைக்காமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. முதல் மூன்று வருஷமும் நான் ஹீற்றரைத்தான் குறை சொன்னேன். நாலாம் வருஷம் ஓர் இரவு லைற்றை அணைத்துவிட்டு உள்ளே நின்றேன். தெருவிளக்கின் வெளிச்சம் பெரிய கதவின் நாலு பக்கத்தாலும் கோடுகோடாக உள்ளே வந்தது. சூடு போன வழி அதுதான். நீயும் ஒரு இரவு அப்படி நின்று பார். ரப்பர்ப் பட்டியை மாற்றிய பிறகு ஹீற்றரைப் பற்றி யோசிக்கலாம்.

2. இருக்கிற சூட்டை இறக்கப் பழகு. ஒருநாள் மேல் தட்டிலிருந்த மேப்பிள் பலகையை எடுக்க ஏணியில் ஏறினேன். சப்பாத்துக்குள் கால்விரல்கள் விறைத்துக் கிடக்க, நெற்றியில் வியர்வை பூத்தது. இரண்டு மணித்தியாலமாக நான் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு முழுவதும் கூரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சூடான காற்று மேலே போகும் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்கு அது ஏணியில்தான் விளங்கியது.

கூரை விசிறி இருந்தால் அதன் உடம்பிலுள்ள சின்னச் சுவிச்சை மாற்றி, கீழே நின்று பார்க்கும்போது வலப்பக்கமாகச் சுற்றும்படி, ஆகக் குறைந்த வேகத்தில் விடு. அது நடுவிலுள்ள குளிரை மேலே இழுக்க, மேலே நின்ற சூடு சுவர்வழியாக இறங்கும். கூரை விசிறி இல்லையா? ஒரு மேசை விசிறியைக் குளிர்ந்த மூலையில் பதிவாக வைத்து, ஹீற்றர் இருக்கிற பக்கம் மெதுவாக ஊதவிடு. குளிர்காற்று கனமானது, தள்ளினால் தரையோடு நகரும். அது விட்டுப்போன இடத்துக்குச் சூடு தானாக வந்து சேரும். பெரும்பாலானவர்கள் சூட்டைத் துரத்துகிறார்கள். குளிரைத் தள்ளுவது சுலபம். விசிறியை வேகமாக வைக்காதே, உடம்பில் காற்றுப் பட்டால் இன்னும் குளிரும். ஹீற்றரின் முதுகுக்கு நேரேயும் ஊதாதே. அது தன் பாட்டில் மூச்சு விடட்டும்.

3. வயரை மதி. 120 வோல்ற்றில் 1500 வாற் என்றால் 12.5 அம்பியர். உன் சுவரிலுள்ள சாதாரண லைனின் பிரேக்கர் 15 அம்பியர். அதே லைனில் வாளையும் ஓட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. நான் ஹீற்றரை ஒரு மண்ணிற எக்ஸ்டென்ஷன் வயரில், அதுவும் சுருட்டியபடியே, மாட்டியிருந்தேன். மீன் வாடை அடித்தது. பக்கத்து வீட்டில் சமைக்கிறார்கள் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிளக்கைத் தொட்டபோது பிளாஸ்ரிக் மெழுகுபோல விரலுக்கு இணங்கியது. எரியத் தொடங்கும் வயர் சிலவேளை அப்படித்தான் மணக்கும் என்று பிறகு ஒரு எலக்றீசியன் சொன்னார். ஹீற்றரைச் சுவரில் நேரே மாட்டு. கால் மணித்தியாலத்தில் பிளக்கைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாத சூடென்றால் அன்றைய வேலை முடிந்தது. 240 வோல்ற் ஹீற்றர் பூட்ட ஆசை வந்தால் உரிமம் உள்ளவரைக் கூப்பிடு. அங்கே காசை மிச்சம் பிடிக்காதே.

4. இதைக் கவனமாகக் கேள். புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லாத புரோப்பேன் ஹீற்றரையோ மண்ணெண்ணெய் ஹீற்றரையோ மூடிய கராஜில் கொளுத்தாதே. காரையும் உள்ளே ஓடவிடாதே, கதவு திறந்திருந்தாலும்கூட. வேலை இல்லாமல் இருந்த ஒரு குளிர்காலத்தில் நண்பரிடம் புரோப்பேன் ஹீற்றர் ஒன்று இரவல் வாங்கினேன். கதவை இறுக்கிப் பூட்டிக்கொண்டு ஒரு கதிரை செய்தேன். தலை இடித்தது, தடிமன் என்று நினைத்தேன். ஒரே பலகையை மூன்று தரம் அளந்தேன், மூன்று அளவு வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உன் மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய கதவைத் தூக்கிவிட்டாள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது முதலில் எடுப்பது நம்முடைய புத்தியை. அதனால் ‘ஏதும் தெரிந்தால் நிறுத்துவேன்’ என்ற நம்பிக்கையை நம்பாதே.

2008 டிசம்பரில் இந்த ஒன்ராறியோவிலேயே, வூட்ஸ்ரொக் நகரில், ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் இதனால் இறந்தார்கள். அவர்களுடைய காஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. அந்தத் தாயின் மாமா ஜோன் ஜினியாக் தீயணைப்பு வேலையில் இருந்தவர். அவர் ஓயாமல் பேசிப் பேசி, 2013இல் இரண்டு குடும்பப் பெயரையும் தாங்கி ஒரு சட்டம் வந்தது. கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமானது அதனால்தான். உன் வீட்டு அலாரத்தின் பொத்தானை மாதம் ஒருதரம் அழுத்தும்போது அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள். சாதாரண அலாரத்தைக் கராஜுக்குள் மாட்டாதே, உறைகுளிருக்கு அது செய்யப்பட்டதல்ல. கராஜுக்குத் திறக்கும் கதவின் வீட்டுப் பக்கத்தில் ஒன்று வை.

5. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். இரவில் அது உன் உளிகளில் இறங்கி, காலையில் துருவாக நிற்கும். மின்சார ஹீற்றரை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. பெற்றோல் இருக்கும் இடத்தில் சூடு வேண்டாம். மைனஸ் 40 பாகையிலும் பெற்றோல் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தீப்பொறியைத் தேடிப் போகும். நீ தரையில் வைத்த விசிறி அதற்கு வழிகாட்டியாகிவிடும். பெற்றோல் கானையும் தின்னரையும் வெளியே உள்ள ஷெட்டுக்குக் கொண்டுபோ. ஹீற்றரைத் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்காவது மேலே, ஆடாத இடத்தில் வை. அதைச் சுற்றி ஒரு மீற்றருக்குள் எதுவும் வேண்டாம், உன் ஜக்கெற் உட்பட. மரத்தூளைப் பறக்கவிடும் வேலை வந்தால் ஹீற்றரை நிறுத்திவிட்டுச் செய். விசிறி நல்லது கெட்டது பார்க்காது, தூளையும் கொண்டுபோய் ஹீற்றருக்குக் கொடுக்கும்.

7. கராஜின் சூட்டை வீட்டுக்குள் விடலாம் என்று யாரும் யோசனை சொன்னால் கேட்காதே. இடைக்கதவு தானாக மூடும்படி வைத்திருப்பது காரணத்தோடுதான். கட்டை வைத்துத் திறந்துவிட்டால், கராஜில் உள்ள அத்தனையும் பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போகும்.

8. அவசரப்படாதே. நீ ஆசைப்பட்டு உள்ளே போகும் நேரத்துக்கு உன் கராஜ் தயாராக இருக்காது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்பார்கள். உனக்கு இது தலைகீழ், சூடேறப் பொறுக்கவேண்டும். ஹீற்றரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இரு. கத்தியைத் தீட்டு, பலகையை அடையாளமிடு. மரப்பசை 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. காற்று சூடானாலும் பலகை சூடாக நேரமெடுக்கும். நான் பொறுக்காமல் ஒட்டிய ஒரு தொட்டிலின் மூட்டு, தூக்கும்போதே கையோடு வந்தது. உன் அண்ணனுக்குச் செய்தது அது. பிள்ளை அதற்குள் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

9. போகும்போது ஹீற்றரை நிறுத்திவிட்டு உடனே ஓடாதே. தரையைக் கூட்டு. கூட்டி முடிய பிளக்கைக் கழற்று, ஹீற்றரின் முகத்துக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துப் பார். சூடு இன்னும் அடித்தால் ஐந்து நிமிஷம் நில். வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். என்னிடம் வெப்பமானி இரண்டு இருக்கிறது. ஒன்றைக் கூரையடியிலும் ஒன்றைத் தரையடியிலும் மாட்டிவிட்டு, உன் விசிறிக்கு எந்த மூலை சரியென்று சேர்ந்து பார்ப்போம்.