ஆள் நிற்கவில்லையா?

கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லத்தைச் சுற்றிச் சின்னதாக விடுதியோ சாப்பாட்டுக் கடையோ நடத்துகிறீர்களா? வேலை பழகிய ஆள் மூன்றாம் மாதமே திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுகிறாரா?

1. ஐந்தாம் தேதி சம்பளம் என்றால் ஐந்தாம் தேதியே கொடுங்கள். "ஞாயிற்றுக்கிழமை வசூல் வரட்டும்" என்றால், அன்று ராத்திரியே அவர் வேறு இடத்துக்குப் போன் போடுவார்.

2. மிளகு பறிப்புச் சமயத்தில் முறைவைத்து லீவு விடுங்கள். வீட்டில் நாலு கொடி வைத்திருப்பவர், லீவு இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டே பறிக்கப் போவார். ஆடி 18, வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களுக்கு ஒரு மாதம் முன்பே பேசி, கூடுதல் கூலி கொடுங்கள். கடைசி நேரக் கெஞ்சல் எடுபடாது.

3. கல்லாவில் நிற்பவருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள். கால் கடுத்தால் முகமும் கடுக்கும். (தமிழ்நாட்டில் 2021-இல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது.)

4. வாடிக்கையாளர் முன்னால் வேலையாளைத் திட்டாதீர்கள். சின்ன ஊர், சாயங்காலத்துக்குள் சேதி அவர் வீடுவரை போய்விடும்.

5. விலகுபவருக்கு அன்றைக்கே கணக்கு தீர்த்துவிடுங்கள். அடுத்து வேலை கேட்டு வரப்போவது அவர் மச்சானாகத்தான் இருக்கும்.