காற்கூறும் முக்காற்கூறும்

விழாக் காலத்திற் பழம்பெருமை பேசுதல் மரபு, அது வேண்டுவதுமாம். ஆயினும் ஒரு கல்லூரியின் பெருமை அதன் வாயிலோடு முடிந்துவிடுவதன்று. அவ்வாயிலைக் கடந்து சென்ற பிள்ளை பின்னர் எங்கே, எவ்வாறு நிற்கின்றான் என்பதிலேயே அது நிலைபெறும். ஆதலின், நம் மாணவர் பலரும் அவாவி நிற்கும் பல்கலைக்கழகக் கல்வியைப் பற்றி, தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற அளவில் யாம் கண்டறிந்த சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். போதனை எவ்வாறு சிறக்கும், ஆராய்ச்சி எவ்வாறு வளரும், எல்லார்க்கும் அங்கே இடம் எவ்வாறு உண்டாகும் என்னும் மூன்றும் ஒரே வினாவின் மூன்று கூறுகள் என்பது எமது துணிபு.

அவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் இலக்கணத்தின் பொருட்டே எடுத்துப் பார்க்கின்றோம். அந்நூலின் பொதுப்பாயிரத்திலே கல்விக்கு ஓர் அளவும் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆசிரியர் உரைப்பதை எத்துணை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்கூறே. உடன் கற்பாரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே கைகூடும்.

இவ்வளவைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருத்தி நோக்குக. விரிவுரை கேட்டல் காற்கூறு. சக மாணவரோடு பயிலுதல் காற்கூறு. அக்கூட்டத்தில் இடம் பெறாதவன் அக்கூற்றை இழப்பான். எனவே எல்லாரையும் சேர்த்துக்கொள்ளல் இரக்கத்தால் இடும் பிச்சையன்று; கல்வியின் ஒரு பங்கேயாம். ஆராய்ந்து எழுதி அவையிலே உரைத்தல் அரைக்கூறு. நம் நாட்டிலோ, முதற் காற்கூற்றுக்காகவே பெரும் போராட்டம் நடைபெறுகின்றது. மற்றை முக்காற்கூற்றைப் பற்றிக் கேட்பார் சிலரே.

வாயில் திறந்த வரலாறு

1921ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களிற் கலைப்பிரிவிலே தமிழும் சிங்களமும் போதனா மொழிகளாயின. 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஆறாத வடுவை உண்டாக்கியது. 1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகமும், 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமும், 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் எழுந்தன. இவ்வாறு வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எனினும் உயர்தரப் பரீட்சையிலே தகுதி பெறுவோருட் பெரும்பாலோர்க்கு இன்றும் இடம் இல்லை.

இன்று பல துறைகளில் இடங்கள் பகுக்கப்படும் முறை யாவரும் அறிந்ததே. நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. இம்முறையிற் கொழும்பு முழுவதும் ஒரே மாவட்டம். கொட்டாஞ்சேனையிலே ஓரறை வீட்டில், துறைமுகத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து தெரு விளக்கின் ஒளியிற் படிப்பவனும், கறுவாக்காட்டு மாளிகையிலே பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வைத்துப் படிப்பவனும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர். மாவட்டம் என்னும் அளவுகோல் தெருக்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டாது. இவ்வுண்மையை உணர்ந்தாலன்றி நம் பிள்ளைகளுக்கு எங்கே கைகொடுக்க வேண்டும் என்பது நமக்குப் புலப்படாது.

முதற் காற்கூறு: போதனை

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் விஞ்ஞானத்துறையில் இடம்பெற்றுச் சென்றார். மூன்று திங்கள் கழிந்து எம்மைக் காண வந்தபோது, விரிவுரைக்குச் செல்வதைத் தாம் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஆர்முடுகல் என்றால் அவர் துலக்கமாக விளக்குவார். கணக்கும் செய்து காட்டுவார். அதே பொருளை ஆங்கிலப் பெயராற் கேட்டபோது, தாம் அறிந்த பொருளே அது என்பது அவர்க்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருந்த மண்டபத்திலே எழுந்து வினவ நாணினார். “ஐயா, எனக்குத் தெரிந்ததுகூடத் தெரியாமல் போய்விட்டது” என்றார். அவரிடம் குறைந்தது அறிவன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாலமே. ஓராண்டு பிந்தியாயினும் அவர் பட்டம் பெற்றார். அவ்வாறு திரும்பிச் செல்லாதோரும் உளர்.

பாலம் அமைப்பது இயலாத செயலன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு கலைச்சொற்களையும் தொகுத்தார். மாணவன் மொழியை ஆசிரியர் கற்ற காலம் அது. இன்றைய விரிவுரையாளரிடம் அத்துணை பெரிய செயலை யாம் வேண்டவில்லை. சிறியன நான்கையே வேண்டுகின்றோம்.

முதலாவது: ஒவ்வொரு விரிவுரையின் தொடக்கத்திலும் அன்றைய பாடத்துக்கு இன்றியமையாத பத்துச் சொற்களை ஆங்கிலம், தமிழ், சிங்களம் ஆகிய மும்மொழியிலும் பலகையில் எழுதுக. பத்து நிமிடமும் ஆகாது. இரண்டாவது: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரிவுரையை நிறுத்தி ஒரு வினாவைக் கொடுத்து, அடுத்திருப்பவரோடு கலந்து விடைகாணச் செய்க. மூன்றாவது: விரிவுரை முடிவிலே, விளங்காத ஒன்றைப் பெயரிடாது துண்டுத்தாளில் எழுதித் தரும்படி கேட்க, நாணமுடையோரும் அதில் வாய்திறப்பர். நான்காவது: முதலாவது கட்டுரையை முதல் மாதத்திலேயே எழுதுவித்துத் திருத்தித் தருக. ஆண்டிறுதிப் பரீட்சையிலே பிழையைக் காட்டுதல், பயிர் வாடிய பின் நீர் பாய்ச்சுதலை ஒக்கும்.

பாடசாலை ஆசிரியர்க்குக் கற்பித்தலிலே பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. பல்கலைக்கழகங்களிலும் இப்பொழுது அத்தகைய பயிற்சி நிலையங்கள் உள. அங்குப் பெற்ற பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடாது மண்டபத்திலும் விளங்குதல் வேண்டும்.

இரண்டாங் காற்கூறு: உடன் பயிலல்

பல்கலைக்கழக மாணவரிடையே ‘குப்பி’ என ஒரு வழக்கு உண்டு. பாடம் விளங்கிய மாணவர் விளங்காதோரைக் கூட்டி, பரீட்சைக்கு முன்னர்ச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கே அப்பெயர். எவரும் சட்டமியற்றாமல், எவரும் கூலி பெறாமல், மாணவர் தாமே ஏற்றிவைத்த விளக்கு அது. பவணந்தியார் கூறிய இரண்டாங் காற்கூறு இதுவே. அதனைப் பரீட்சைக் காலத்துக்கு மட்டும் உரியதாக்காது முதல் வாரத்திலிருந்தே நடத்துக. ஐவர் அறுவர் கொண்ட சிறு கூட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கிழமையும் ஒருவர் பாடம் சொல்க. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் கலந்த கூட்டமாயின் இருசாரார்க்கும் பயனுண்டு. ஒருவர் சொல்லை மற்றவர் கற்பர். நூலை வாசிக்க இயலாத விழிப்புலனற்ற மாணவர்க்காக ஒருவர் உரக்க வாசித்துப் பதிவு செய்யின், வாசிப்பவரும் இருமுறை கற்றவராவர். தூரத்திலிருந்து பேருந்தில் வந்து செல்வோரையும், இரவில் தனித்துத் திரும்ப அஞ்சும் மாணவியரையும் எண்ணிக் கூட்டத்தின் நேரத்தைக் குறித்தல் வேண்டும். மாலை ஏழு மணிக்குக் கூடும் கூட்டம் சிலருக்குப் பூட்டிய கதவேயாம்.

உடன் பயிலுதலுக்குப் பெரும்பகை பகிடிவதை. 1997இற் பேராதனையிலே ஒரு தமிழ் மாணவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டு பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் இருந்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. முதல் வாரத்திலே மூத்த மாணவரைக் கண்டு அஞ்சியவன், பின்னர் அவரிடம் பாடங் கேட்கச் செல்வானோ? புதியவனை அச்சுறுத்துவோர் அவனது காற்கூற்றை மட்டுமன்றித் தமது அரைக்கூற்றையும் அழிக்கின்றனர். எடுத்துரைக்க ஆளின்றி அவர் கற்றதும் முற்றுப்பெறாது போம். நம் பழைய மாணவர் எப்பல்கலைக்கழகத்திற் பயில்கின்றாராயினும், புதிதாக வருபவனுக்கு நூலகத்துக்கு வழிகாட்டுவோராக இருத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

அரைக்கூறு: ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்றவுடன் நம் மாணவர் மருள்வர். பிறர் நூல்களிலிருந்து பத்திகளை எடுத்துத் தொடுத்தலே ஆராய்ச்சி என எண்ணுவாரும் உளர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவர் பட்டத்தோடு அமைந்துவிடவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். கையில் உள்ள மூலத்தைத் தானே நோக்குதலும், கண்டதைக் கண்டவாறு கூறுதலும், பிறரிடம் பெற்றதைப் பெற்றதாகச் சொல்லுதலுமே ஆராய்ச்சியின் உயிர். பேராசிரியர் கைலாசபதி பேமிங்காம் பல்கலைக்கழகத்திற் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அது 1968இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. தாய்மொழியின் பொருளை உலக மொழியிலே சொல்ல இயலும் என்பதற்கு அது சான்று.

கொழும்பு மாணவர்க்கு ஆராய்ச்சிப் பொருள் காலடியிலே கிடக்கின்றது. செட்டியார் தெருவின் ஆடிவேல் விழா, கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளர் பேச்சு வழக்கு, வெள்ளவத்தைக் கடைப் பலகைகளின் மொழி என்பன எவரும் எடுத்தாளக்கூடியன. சுவடிக்கூடம் கொழும்பிலே உளது. வெள்ளவத்தையிலே, 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உளது. வழி அறியாமையே தடை. ஆதலின் முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவனையும் ஒரு நூலகத்துக்கும் ஒரு சுவடிக்கூடத்துக்கும் அழைத்துச் சென்று, ஒரு மூலத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதச் செய்தல் போதனையின் பகுதியாக வேண்டும். எழுதியதைச் சக மாணவர்முன் உரைக்கவும் செய்க.

இன்னுமொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே இடத்திலே இருப்பது ஒரே இரவில் அழியும் என்னும் பாடத்தை அத்தீ கற்பித்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் அப்பாடத்தைக் கற்றோர் செய்த பணி. ஆராய்ச்சி மாணவர் தாம் திரட்டிய பேட்டி, ஒளிப்படம், படி ஆகியவற்றை ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களிலே காத்தலும், ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக்குத் தமிழிலும் ஒரு சுருக்கம் எழுதுதலும் கடன். பேட்டி தந்த மூதாட்டி, தன்னைப் பற்றி எழுதியதை வாசித்தறிதல் வேண்டாமோ?

பழைய மாணவர் செய்யத்தக்கன

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் புகும் வரை நம் பிள்ளைகளுக்குப் பல மாதங்கள் வறிதே கழிகின்றன. அவ்விடைக்காலத்திற் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அவரவர் துறை சார்ந்த ஆங்கில நூலை வாசிப்பிக்கும் வகுப்பு ஒன்று வெள்ளவத்தையிலும், மற்றொன்று கொட்டாஞ்சேனையிலும் நடைபெறுமாயின், எம் மாணவர்க்கு நேர்ந்த திகைப்பு பிறர்க்கு நேராது. விண்ணப்பப் படிவத்திலே பாடநெறிகளை எவ்வொழுங்கில் எழுதுவது என்பதை அறியாது இடமிழப்போர் உளர். அதனை ஒரு மாலைப் பொழுதிலே விளக்கிவிடலாம். 1981இல் ஏற்பட்ட மகாபொல நிதியத்துக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்பதும் அவ்வாறே. பணம் படைத்தோர் பணத்தாலும், அறிவு படைத்தோர் அறிவாலும், இரண்டும் குறைந்தோர் நேரத்தாலும் உதவலாம்.

இடங்கிடையாதோரை மறத்தல் ஆகாது. நாவலையில் அமைந்த திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இயங்குகின்றது. வெளிவாரிப் பட்டங்களும் உள. அவ்வழி தாழ்ந்ததென்று எண்ணுவார் விபுலாநந்த அடிகளை நினைக்க. காரைதீவிற் பிறந்த அவர், 1912இற் கொழும்பிலே பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தேறினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். இலங்கையிற் பல்கலைக்கழகக் கல்லூரியும் தோன்றாத காலத்தில், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். கேட்டதோடு நில்லாது, பிறரோடு பயின்று, பிறர்க்கு உரைத்து, ஆராய்ந்து எழுதி முழுக்கூறும் பெற்ற ஆசிரியர் அவர்.

பல்கலைக்கழகத்தை ஆள்வோர் செய்யத்தக்கன பல உள. அவை நம் கையில் இல்லை. ஒரு சொற்பட்டியல், ஒரு சனிக்கிழமை வகுப்பு, புதியவனோடு ஒரு நல்வார்த்தை ஆகியன நம் கையில் உள்ளன. இவ்விழா ஆண்டிலேயே அவற்றைத் தொடங்குவோமாக.