குளவியும் நமக்கு ஒரு தொழிலாளிதான்



மருந்தடித்தால் பூச்சி குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். மருந்தடித்ததாலேயே பூச்சி பெருகிய கதையும் நம் நாட்டுத் தேயிலை மலைகளில் உண்டு.

கொழுந்து இலைகளை நூலால் ஒட்டி, உள்ளே இருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் பெரும் நட்டம் தந்தது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்பில் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். சம்பளம் கேட்காமல் குளவி வேலை செய்தது, புழு அடங்கியது.

பிற்பாடு, கிளையைத் துளைக்கும் சிறு வண்டுக்காக டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். குளவியும் சேர்ந்து செத்தது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பிவிட்டது!

இதில் பாடம் என்ன? ஓர் உயிரைத் தொட்டால் இன்னொன்றும் அசையும்.

இன்னொரு பாடம் கோப்பி. 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. மலைக்கு மலை கோப்பியே நின்றதால் நோய்த்தூள் காற்றில் தடையின்றிப் பரவியது. சுமார் இருபது வருடத்தில் கோப்பி வீழ்ந்தது. நம் முன்னோர் பலர் பிழைப்பை இழந்தார்கள். ஒரே பயிர் தொடர்ந்து நின்றால் நோய்க்குத்தான் பாதை.

நல்ல உயிர்களுக்கு வேறு பாதை வேண்டும். நம் கடுகண்ணாவைப் பக்கம் அலகல்ல மலைக்காடு, கிராமத்தாரின் பலா, கித்துள், மிளகுத் தோட்டங்கள், நடுவே நம் தேயிலை. இவற்றை இணைப்பது ஓடைக்கரை மரங்கள். மரநாய் கித்துள் பழம் தின்று விதையை வேறிடத்தில் போடும். இப்படிப்பட்ட குளவிகள் கரையோரப் பூக்களில் தேன் குடிக்கும். கரையை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனித் தீவாகிவிடும்.

"அப்படியென்றால் அடுப்பெரிக்க என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கவ்வாத்து மிலாறையும், நிழல் மரத்தில் கழித்த கிளைகளையும் முதலில் எடுப்போம். கரை மரத்தை விடுவோம். மருந்து டாங்கியை ஓடையில் கழுவவே கூடாது. கீழே பீலியில் குடம் பிடிப்பது நம் பிள்ளைகள்தானே!

காட்டைக் காப்பது துரைமாருக்கு மட்டும் உரிய வேலையல்ல. நம் கொழுந்தும் தண்ணீரும் அதில்தான் இருக்கின்றன. சிந்திப்போம்.