ஈரமும் குளிரும் புகாத பாதரட்சை: அங்கத்தினர் கல்விப் பாடம்

மண்ணில் உழைப்பவர் தம் கைக்குத் தரும் கவனத்தைக் காலுக்குத் தருவதில்லை. கையில் முள் தைத்தால் அன்றே எடுத்துவிடுகிறோம். கால் விரலிடுக்கில் வெந்து வெளுத்தால், "சேற்றுப்புண்தானே, வெயில் வந்தால் ஆறிவிடும்" என்று சொல்லி மறுநாளும் அதே ஈரத்தில் இறங்குகிறோம். நீலகிரி போன்ற மலைப் பிரதேசத்தில் அந்த வெயிலுக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை; கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; பின்பு உதகைப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர், ஜனவரி மாதத்து உறைபனி. தேயிலை பறிப்போரும், கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோரும் ஆண்டின் பெரும்பகுதியை நனைந்த காலுடன் கழிக்கின்றனர். ஆகவே, தண்ணீர் புகாத பூட்ஸைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1. ஈரம் செய்யும் தீங்கு

தோல் நெடுநேரம் நனைந்திருந்தால் ஊறி மென்மையடைந்து எளிதில் கிழியும். அவ்வழியே மூன்று தீங்குகள் நேரலாம். முதலாவது, காளான் வகைக் கிருமிகளால் வரும் சேற்றுப்புண். இரண்டாவது, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து புண் வழியே உடலில் நுழையும் எலிக்காய்ச்சல். உரிய காலத்தில் சிகிச்சை பெறாவிடில் இது உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் கொக்கிப்புழு. புண் இல்லாத பாதத்தையும் துளைத்து இது உட்புகும், இரத்தசோகையை உண்டாக்கும்.

ஈரத்துடன் குளிரும் சேர்ந்தால் வேறொரு தீங்கும் உண்டு. 1914-15ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், முதல் உலகப் போரின் அகழிகளில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களில் சுமார் 20,000 பேருக்குக் கால் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகவும் தொடங்கியது. இதனை 'அகழிப் பாதம்' என்றனர். இது வருவதற்கு நீர் உறையும் குளிர் வேண்டியதில்லை. 10 அல்லது 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், இறுக்கமான நனைந்த பூட்ஸுக்குள் கால் பல மணி நேரம் அடைபட்டிருந்தால் வரலாம். அதற்குக் கண்ட பரிகாரங்களுள் ஒன்று நம் கவனத்திற்குரியது. சிப்பாய்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினர். காலைத் துடைத்துக் காலுறை மாற்றினாரா என்று ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டனர். கூட்டுறவு வேறென்ன?

2. ரப்பர் பூட்ஸ் வந்த வழி

பக்குவப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். ஹைரம் ஹட்சின்சன் என்ற மற்றோர் அமெரிக்கர், 1853ஆம் ஆண்டில் பிரான்சில் ரப்பர்க் காலணித் தொழிலைத் தொடங்கினார். அதுவரை மரக்கட்டைச் செருப்புடன் சேற்றில் நடந்த அந்நாட்டுக் குடியானவர்கள் மாலையில் உலர்ந்த காலுடன் வீடு திரும்பலாயினர். ஆகவே இது ஆதியிலேயே குடியானவருக்கு உதவிய பொருள். துரைமார் பொருள் என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

3. எதை வாங்குவது?

தோல் பூட்ஸ் காற்றோட்டம் உள்ளது, காலுக்கு இதமானது. எனினும் தையல் துளை வழியே நீர் கசியும். மெழுகு பூசிப் பேணினாலும் நாள் முழுதும் சேற்றில் நிற்பதற்கு ஏற்றதன்று. மேலும் தோல் பூச்சிமருந்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் மருந்து தெளிப்பவர் அதை அணியலாகாது.

பி.வி.சி. பூட்ஸ் விலை குறைவு. ஒரே வார்ப்பாதலால் தையல் கிடையாது. ஆனால் குளிரில் விறைக்கும். மடியும் இடத்தில் நாளடைவில் வெடிக்கும். சமவெளி வயலுக்கும் சாயப் பட்டறைக்கும் இது போதும்.

ரப்பர் பூட்ஸ் சற்றுக் கனம், விலையும் கூடுதல். குளிரிலும் வளைந்து கொடுப்பதால் மலைப் பகுதிக்கு இதுவே ஏற்றது. மண்ணெண்ணெயும் டீசலும் பட்டால் சாதாரண ரப்பர் உப்பிக் கெடும்.

இந்திய தர நிர்ணய அமைவனம், ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557 என்றும், பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்றும் தர எண் வகுத்துள்ளது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் இவ்வெண்ணையும் பார்த்து வாங்குக. அடிப்பாகத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் இருந்தால்தான் சரிவில் வழுக்காது. தண்ணீர் புகாத பூட்ஸ் மின்சாரத்திலிருந்தும் காக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு. அதை நம்பிப் பம்புசெட்டின் மின்கம்பியைத் தொடலாகாது.

மருந்து தெளிக்கும் அங்கத்தினரும், காஸ்டிக் சோடா கலந்த நீரில் நிற்கும் சாயத் தொழிலாளரும் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். இல்லையேல் வழியும் திரவம் பூட்ஸுக்குள்ளேயே தேங்கிக் காலைப் புண்ணாக்கும்.

4. கால் அளவு: நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், மலைக் கிராமத்துச் சங்கம் ஒன்று பூட்ஸ் மொத்தமாக வாங்கத் தீர்மானித்தது. நான் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டேன். தீர்மானத்தையும் வவுச்சரையும் சரிபார்த்தேன். குற்றமில்லை என்று குறிப்பெழுதினேன். மறு தணிக்கைக்குச் சென்றபோது பாதிக்கு மேற்பட்ட ஜோடிகள் கிடங்கில் புத்தம் புதிதாகக் கிடந்தன. வெளியே மழையில் இலை பறித்தவர்களில் பலர் வெறுங்காலுடன் நின்றனர். காரணம் கேட்டேன். வயதான பெண் அங்கத்தினர் ஒருவர், "ஐயா, இது எங்கள் வீட்டுக்காரர் காலுக்குச் செய்தது. எங்கள் கால் இதற்குள் நீந்துகிறது. சரிவில் இறங்கினால் பூட்ஸ் மேலே நிற்கும், நாங்கள் கீழே கிடப்போம்" என்றார்.

வாங்கியவை 7, 8, 9 எண்கள் மட்டுமே. இலை பறிப்போரில் பெரும்பாலோர் 4, 5 எண் தேவைப்படும் பெண்கள். ரூபாயைக் கணக்கிட்ட நாங்கள் எவரும் காலை அளக்கவில்லை. மாற்றிக்கொள்ளும் தவணை கடந்துவிட்டபடியால் மீதியை நஷ்டத்திற்கு விற்க நேர்ந்தது. அந்த நஷ்டம் பேரேட்டில் ஏறியது. காற்புண் சீழ்கொண்டு இரண்டு வாரம் கூலி இழந்த ஒரு பெண்மணியின் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. கொள்முதல் தாளில் உள்ள கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று.

ஆகவே அளக்கும் முறையைக் குறித்துக்கொள்க. மாலையில் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். அப்போதே அளக்க வேண்டும். காலுறை அணிந்து, காகிதத்தின்மேல் நின்று, இரு பாதங்களையும் சுற்றிக் கோடு வரைக. பெரிய பாதத்தின் அளவையே கொள்க. அணிந்து பார்க்கும்போது பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கையில் குதிகால் தூக்கலாகாது. இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால், தளர்வானதைவிடக் குளிரில் அதிகத் தீங்கு செய்யும்.

5. உள்ளிருந்து வரும் ஈரம்

நீரை உள்ளே விடாத பூட்ஸ் வியர்வையை வெளியேயும் விடாது. எனவே காலுறை இன்றியமையாதது. பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்துவிடும். கம்பளி நனைந்தபோதும் ஓரளவு வெதுவெதுப்புத் தரும். பருத்தி நெய்து வாழும் நமக்கு இதைச் சொல்லச் சங்கடமாயினும் உண்மை இதுவே. உணவு வேளையில் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து, மாற்றுக் காலுறை அணிவது நலம்.

மாலையில் சேற்றைக் கழுவி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏறியதும் தாளை மாற்றுக. அடுப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்தால் ரப்பர் வெடிக்கும். மேலே வெண்பொடி பூத்தால் அஞ்ச வேண்டாம், துடைத்தால் போகும். ஓட்டை உண்டா என்றறிய, சைக்கிள் டியூபைச் சோதிப்பதுபோல், பூட்ஸின் வாயைச் சுருட்டிப் பிடித்து நீருக்குள் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்குச் சைக்கிள் கடைச் சொலூஷனும் ஒட்டும் போதும், பி.வி.சி.யில் அது பிடிக்காது, அதற்குரிய பசை வேண்டும்.

6. சங்கம் செய்யத்தக்கது

கொள்முதலுக்கு முன் ஆண், பெண் அங்கத்தினர் அனைவரின் கால் அளவையும் ஒரு பதிவேட்டில் எழுதுக. முதலில் சில ஜோடிகள் மட்டும் வாங்கி ஒரு மாதம் அணிந்து பார்க்கச் செய்க. அளவு பொருந்தாதவற்றை மாற்றித் தரும் நிபந்தனையை ஆர்டரிலேயே எழுதுக. விலையைத் தவணையில் பிடித்துக்கொண்டால் ஏழை அங்கத்தினரும் பயன் பெறுவர். தீர்மானம் நிறைவேற்றும் கூட்டத்தில் பூட்ஸ் அணியப்போகும் பெண்களும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பேசியிருந்தால் என் பிழை அன்றே திருத்தப்பட்டிருக்கும்.

மாதக் கூட்டத்தில் விவாதிக்க:

(1) நம் சங்கத்தில் ஈரத்தில் நின்று வேலை செய்வோர் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்?
(2) சென்ற மழைக்காலத்தில் காற்புண்ணால் எத்தனை நாள் வேலை தடைப்பட்டது?
(3) நமது வேலைக்கு ஏற்றது ரப்பரா, பி.வி.சி.யா? ஏன்?
(4) கால் அளவுப் பதிவேட்டைத் தொடங்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?