பொன்மீன்களின் துடுப்புக் காயமும் சிகிச்சையும்

நாஞ்சில் நாட்டில் முற்றத்துத் தொட்டியில் பொன்மீன் வளர்ப்போர் சிலர், வாய்க்காலிற் பிடித்த கெண்டையையும் பனையேறியையும் உடன் விடுவதுண்டு. பொன்மீன் மெல்ல நீந்துவது. அதன் துடுப்போ நீண்டு தொங்குவது. ஆதலின் வேகமுள்ள மீன்கள் அதனைக் கடித்துக் கிழிக்கின்றன. விலை கொடுத்து வாங்கிய மீன் வீணே மடிகிறது. செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. காயமுற்ற மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுக. கடித்த மீனுடன் மறுபடி சேர்க்கலாகாது.

2. தினந்தோறும் நாலிலொரு பங்கு ஜலத்தை மாற்றுக. கழிவினின்று உண்டாகும் அமோனியா காயத்தை ஆறவிடாது. குளோரின் கலந்த குழாய் நீராயின் ஒருநாள் திறந்து வைத்தபின் உபயோகிக்கவும்.

3. லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே 5 லிட்டர் மாற்றினால் 10 கிராம் மட்டுமே மீண்டும் இடுக.

4. உணவைச் சுருக்குக, மிஞ்சியதை அகற்றுக.

துடுப்பின் ஓரம் வெளுத்து நாளுக்கு நாள் தேயுமாயின், அது பாக்டீரியாவால் வரும் துடுப்பழுகல் நோயாம், மீன்வளத்துறையினரைக் கலந்துகொள்க. அடிப்பாகம் சிதையாதிருப்பின் துடுப்பு சில வாரங்களில் மீண்டும் வளரும். அடிவரை அழுகியபின் வளர்தல் அரிது. ஆதலின் தாமதம் கூடாது.