குளக்கரையில் நிற்பதும் வேலைதான்

சுற்றுச்சூழல் அறக்கட்டளைகளில் வேலை பார்ப்பவர்களைப் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து சில கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தந்திருக்கிறோம்.

மகள் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தாள். வங்கித் தேர்வுக்குப் படி என்றோம், கேட்கவில்லை. குளங்களில் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு அறக்கட்டளையில் சேர்ந்துவிட்டாள். விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேரூருக்குப் போகிறாள். ‘இது சேவை, வேலை இல்லை’ என்கிறார் அவள் அப்பா. கல்யாணப் பேச்சு வந்தால் என்னவென்று சொல்வது?
— ஒரு தாய், பூதப்பாண்டி

வேலைதான், அம்மா. கேட்பவர்களிடம் ‘சுற்றுச்சூழல் ஆய்வுப் பணி’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள். நீங்கள் தயங்கினால்தான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் சேர்ந்த ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பரப்பு 94.23 ஹெக்டேர். அதே ஆண்டு வேம்பனூர் குளமும் ஏறியது, அது 19.75 ஹெக்டேர்தான். இவ்வளவு சிறிய குளத்துக்கு உலக அளவில் மதிப்பு கிடைக்க வேண்டுமானால் அங்கே என்னென்ன பறவை, எந்த மாதத்தில், எத்தனை என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். உங்கள் மகள் விடியலில் போய் எழுதுவது அதைத்தான். வெயில் ஏறினால் தண்ணீர் மேல் கானல் ஆடும், தொலைநோக்கியில் உருவம் பிடிபடாது. அதனால்தான் அந்த அவசரம். கூட்டமாக நிற்கும் நெடுங்கால் உள்ளான்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ண வேண்டும். நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் கூட்டம் எழும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. சுசீந்திரம் குளத்தை ஒட்டித்தான் கன்னியாகுமரி சாலை போகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பறவையோடு குளத்தின் நீர்மட்டம், தாமரைப் படர்வு, கரையில் கொட்டிய குப்பை எல்லாம் அந்த நோட்டில் ஏறும். பத்து வருடம் கழித்து ஒரு குளத்தில் மண் விழுந்து, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் எடுத்து வைப்பதற்கு அந்த நோட்டுதான் இருக்கும்.

நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த ஆர்.எஸ். லால்மோகன், ஆற்று ஓங்கில்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு நாகர்கோவிலில் இருந்தபடி குமரிக் குளங்களுக்காக இடைவிடாமல் பேசினார், எழுதினார். அவர் சொல்லுக்கு எடை கொடுத்தது அறிவியல் பயிற்சி. உங்கள் மகளுக்கும் அந்தப் பயிற்சி இருக்கிறது.

அவள் அப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சேவை என்ற சொல்லைச் சொல்லியே பிள்ளைகளின் சம்பளத்தைக் குறைக்கும் அமைப்புகள் உண்டு. ஆகவே நேரில் போய்க் கேளுங்கள். பணி நியமனக் கடிதம் கொடுத்தார்களா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும். அறக்கட்டளை என்பதற்காக விலக்குக் கிடையாது. பத்துப் பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கும் குறைவான ஆட்கள் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். விடியலில் தனியாகக் குளக்கரையில் நிற்கும் பெண்ணுக்குத் துணைக்கு ஒருவரை அனுப்புகிறார்களா, அவள் ஓட்டும் வண்டிக்கு எண்ணெய்க் காசு தருகிறார்களா என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடமென்றால் அவளை நம்பி அனுப்பலாம்.

நான் கொத்தனார். பத்தாம் வகுப்புதான் படிப்பு. சாண எரிவாயுக் கலன் கட்டப் பயிற்சி தருகிறோம், வா என்று ஒரு அமைப்பில் கூப்பிடுகிறார்கள். நாலு நாள் கூலி போகுமே, போகலாமா?
— அகஸ்தீஸ்வரம்

போங்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது.

சுற்றுச்சூழல் அமைப்பு என்றதும் மேடையில் பேசுகிறவரும் அறிக்கை எழுதுகிறவரும்தான் நம் கண்ணில் படுகிறார்கள். விவேகானந்தபுரத்தில் இயங்கும் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்டெப் என்றால் உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய எரிவாயுக் கலன் பணிக்காக 2006இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது. விருதை வாங்கிய கை யாருடையதாக இருந்தாலும், கலன் ஒழுகாமல் நின்றது கொத்தனாரின் கரண்டியால்.

தீனபந்து வகைக் கலனைக் கட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். பூமிக்குள் குழி, அதற்குள் அரைக்கோளமாகச் செங்கல் கூரை எழும்ப வேண்டும். முட்டுப் பலகை கிடையாது. குழியின் நடுவில் அடித்த முளையிலிருந்து ஆரம் அளந்து, ஒவ்வொரு கல்லையும் சாய்த்து வைத்து, கலவை பிடிக்கும்வரை தாங்கிக் கொடுத்து அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். ஒரு வரிசை வட்டம் கூடிவிட்டால் அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை: உட்புறப் பூச்சு. வீட்டுச் சுவரில் மயிரிழை வெடிப்பு வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அந்த மயிரிழை வழியாக வாயு போய்விடும், அடுப்பு எரியாது. ‘இந்தச் சாணி அடுப்பெல்லாம் சரிப்படாது’ என்று அந்த வீட்டம்மா அக்கம்பக்கத்தில் சொன்னால் அந்தத் தெருவில் அடுத்த கலனுக்கு ஆள் கிடைக்காது. இந்தியா முழுக்கப் பயன்படாமல் கிடக்கும் கலன்களைப் பார்த்தால், கட்டியவருக்குப் பயிற்சி போதாதது, கட்டியபின் யாரும் திரும்பிப் பார்க்காதது என்ற இரண்டும் காரணப் பட்டியலில் தவறாமல் இருக்கும்.

இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினமும் ஐம்பது கிலோ சாணியும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால்தான் நடக்கும். நம் பக்கத்தில் ஒரு மாடு வைத்திருப்பதே அரிதாகிவிட்டது. அதனால்தான் சமையலறைக் கழிவில் ஓடும் ‘சக்தி சுரபி’ என்ற சிறிய கலனைக் கேந்திரத்தார் உருவாக்கினார்கள். மாடு இல்லாத வீட்டிலிருந்தும் உங்களைக் கூப்பிட இது வழி செய்யும்.

மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்ப்பதையும் அங்கிருந்தே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். டாக்டர் பி. கமலாசனன் பிள்ளையும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்துச் சொன்ன முறை மிக எளிது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் குழி, தார்ப்பாய் விரிப்பு, சலித்த மண், சாணிக் கரைசல், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், வித்தாக அசோலா. இரண்டு வாரத்துக்குள் பாத்தி நிறைந்துவிடும். பிறகு தினமும் அரைக் கிலோவுக்குக் குறையாமல் அள்ளலாம். முறை எளிதாக இருந்தும் அது வீடுகளில் நிலைத்ததற்குக் காரணம், பூச்சி விழுந்தபோதும் பாத்தி அழுகியபோதும் போய்ப் பார்க்க ஆள் இருந்ததுதான்.

போகுமுன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நாட்களுக்கு உதவித்தொகை உண்டா, முடித்தபின் எத்தனை கலனுக்குத் துணையாக நிறுத்துவார்கள்? சான்றிதழை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும் பயிற்சியில் கை திருந்தாது. கேந்திரத்தில் ‘ஜீவன்விரதி’ என்று வாழ்நாள் முழுவதையும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் தேர்ந்த வாழ்க்கை, வணக்கத்துக்குரியது. உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது. நீங்கள் கூலியைக் கறாராகப் பேசுவதில் குறை ஒன்றுமில்லை.

ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ‘திட்டம் மார்ச்சோடு முடிகிறது, பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள். மூன்று வருடமாகக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் பழகிய பழக்கம் எல்லாம் வீணா?
— குளச்சல்

தம்பி, உங்கள் நிலைமை உங்கள் நிறுவனத்தின் குணத்தால் மட்டும் வந்ததல்ல. பணம் வரும் வழியே அப்படி அமைந்திருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம், பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில்தான் வருகிறது. நட்ட கன்றை எண்ணிக் காட்டு என்பார்கள். நட்டவனுக்கு அடுத்த ஆண்டுச் சம்பளம் யார் தருவது என்பது அந்தப் படிவத்தில் இருக்காது. வெளிநாட்டு நிதிச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறங்கியது. ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குப் பகிரவும் தடை வந்தது. பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஓடிக்கொண்டிருந்த சின்ன அறக்கட்டளைகளில் ஆள்குறைப்பு தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். நிர்வாகச் செலவைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவர் இல்லாமல் எந்தக் களப்பணியும் ஓடாது.

குளச்சல்காரருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான நாட்களைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊருக்கு ஊர் பலகைகள், வண்டிகள், அலுவலகங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் பலரை வேலைக்கு எடுத்தார்கள். நிதி வற்றியதும் பலகைகள் இறங்கின. ஆனால் அன்று வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு ஊரின் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு தேவையும் தெரிந்திருந்தது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்ட வேண்டியிருந்ததே, அப்போது அந்த அறிமுகத்தின் அருமை தெரிந்தது.

இப்படி நிதியோடு வந்து நிதியோடு போனதற்கு மாறாக நடந்ததும் இதே கரையில்தான். பெரிய மரங்கள் அருகி, கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் தடி கிடைக்காமல் போன காலத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் படகுப் பட்டறை நடந்தது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே நம் மீனவர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகை வள்ளத்தை உருவாக்கினார். முதலில் செய்தவை எல்லாம் நம் கரை அலைக்குத் தேறிவிடவில்லை. மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அந்தப் பாடுகளையும் பலனையும் பற்றி அவர் 1985இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வேலையை ஒரு நிதியாண்டுக்குள் முடித்துக் கணக்குக் காட்டச் சொல்லியிருந்தால் வள்ளம் கரையைத் தாண்டியிருக்காது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. மார்ச்சுக்கு முன் அனுபவச் சான்றிதழையும், வைப்பு நிதி எண்ணையும், நீங்கள் செய்த பணியின் விவரத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஊர்க்காரர்கள் உங்களிடம் சொன்ன தகவல்களை நிறுவனத்தின் கணினியோடு தொலையவிடாமல், ஊர்க் கமிட்டிக்கு ஒரு பிரதி போக நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். பிறகு மீனவர் சங்கங்களிலும், கடலோரம் பற்றி ஆய்வு செய்யும் கல்லூரித் துறைகளிலும் விசாரியுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு ஊரில் பழகிய ஒருவரைப் பயிற்சி கொடுத்து உருவாக்க எந்த அமைப்புக்கும் வருடக்கணக்காகும்.

சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் எல்லாம் அந்நியக் காசு வாங்குகிறவர்கள் என்கிறார்களே?
— மார்த்தாண்டம்

கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டம் நடந்த 2012 வாக்கில் இந்தப் பேச்சு நம் பக்கம் சூடாகக் கிளம்பியது, இன்னும் அடங்கவில்லை. அந்நிய நிதி வாங்குவது குற்றமல்ல. பதிவு செய்து, கணக்குக் காட்டி வாங்கினால் சட்டமே அனுமதிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். காட்டாத அமைப்பை நானும் நம்பமாட்டேன்.

ஆனால் 1989இல் தேசிய மீனவர் பேரவை அழைத்தபோது தண்ணீரையும் உயிரையும் காக்கச் சொல்லி இரண்டு கரைகளிலிருந்தும் கன்னியாகுமரி நோக்கி வந்து மே 1 அன்று கூடியவர்களில் பெரும்பாலோர் மீன்பிடிக்கும் குடும்பத்தார். அன்று அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கருத்துக்கேட்பு அறிவித்தபோது எதிர்த்து நின்றவர்களும் அந்த மண்ணில் வீடு வைத்திருப்பவர்கள்தான். அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே தவிர, பணம் எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டு ஒதுக்கிவிடக் கூடாது.

பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றேன். மரம் நட உடம்பில் தெம்பில்லை. என்னால் என்ன ஆகும்?
— தக்கலை

ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் முப்பது நாளாவது முன்னதாக அறிவிப்பு வரும். சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்கும். முழு அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். நிலத்தடி நீர், தூசி, கடலரிப்பு பற்றிய அட்டவணைகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அதைப் படித்து, நம் ஊர்க் குளமும் சானலும் எந்தப் பக்கத்தில் வருகின்றன, எவை விட்டுப்போயிருக்கின்றன என்று தமிழில் குறித்துக் கொடுக்க ஆளில்லாமல் சின்ன அமைப்புகள் திண்டாடுகின்றன. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள ஓர் அமைப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள், வாரத்தில் எந்த இரண்டு நாள் தர முடியும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.