நிலம் இழந்தோர் காத்த கல்வி

ஒரு மக்கள் தம் நாட்டை இழந்த பின்னும் தம் கல்வியை இழவாதிருத்தல் கூடுமோ? கூடும் என்பதற்குத் திபெத்தியரே சான்றாவர். அவர் காத்த கல்வியில் தமிழராகிய நமக்கும் உரிமையுண்டு.

1959-ஆம் ஆண்டில் தலாய் லாமாவும் பல்லாயிரம் மக்களும் இமயம் கடந்து இந்தியாவை அடைந்தனர். பிக்குகளுள் ஏறத்தாழ 1,500 பேர் வங்காளத்திலுள்ள பக்சா என்னும் பழைய சிறைக்கோட்டையில் தங்கினர். வெப்பமும் காசநோயும் பலரை மாய்த்தன; ஆயினும் பாடம் நின்றிலது. பின்னர் மைசூர் அரசு பைலகுப்பையில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டுநிலம் அளித்தது. காடு திருத்திப் பயிர் செய்த அம்மக்கள், 1970-ஐ ஒட்டி, லாசாவை அடுத்த சேரா மடாலயத்தின் மரபை அங்கே மீண்டும் நிறுவினர்.

அம்மடாலய முற்றத்தில் மாணாக்கர் இன்றும் கைதட்டி வாதம் புரிகின்றனர். அவ்வாதத்திற்கு அடிப்படை அளவை நூல். அதனை வகுத்த திக்நாகர் காஞ்சியைச் சார்ந்தவர் என்பது திபெத்தியர் மரபு. அவர் இயற்றிய பிரமாணசமுச்சயத்தின் வடமொழி மூலம் நம் நாட்டில் மறைந்தது. திபெத்திய மொழிபெயர்ப்பே அதனை முழுமையாய்க் காத்தது. காஞ்சித் தண்டியின் காவியாதர்சமும் 13-ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியிற் புகுந்து, அந்நாட்டுப் புலவர்க்கு அணியிலக்கணமாயிற்று. நாமோ குண்டலகேசியை இழந்தோம். சில செய்யுட்களே எஞ்சின.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? ஏட்டைப் பேழையில் வைத்தலை மட்டும் அவர்கள் காத்தல் எனக் கொண்டிலர். மனனம் செய்தனர், வாதித்தனர், இளையோர்க்குக் கற்பித்தனர். 1967-இல் சாரநாத்தில் தோன்றிய உயர்கல்வி நிலையத்தில், மறைந்த வடமொழி நூல்களைத் திபெத்தியத்தினின்று மீட்டெழுதும் பணியும் நிகழ்கின்றது. முன்னர் ஆடவரே பெற்றுவந்த உயர்பட்டத்தை 2016-இல் பிக்குணிகள் 20 பேர் 'கெஷேமா' என்னும் பெயரால் பெற்றனர். மரபு மேலும் பலர்க்கு உரியதாகும்போது வலுப்பெறுமேயன்றிக் குன்றாது.

பஞ்சாலையில் இழை அறுந்தால் அப்பொழுதே முனையைத் தேடி இணைத்தல் வேண்டும். காலந்தாழ்த்தின் நூல் சேராது, கழிவே சேரும். ஆலையில் உழைத்த நாம் இதனை நன்கறிவோம்.

காணிப்பாக்கத்திலும் சித்தூரைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழர்தம் பிள்ளைகள் பலர் பள்ளியில் தெலுங்கு கற்கின்றனர். அது நன்றே, வாழும் நாட்டின் மொழி வேண்டும். திபெத்தியச் சிறுவரும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். ஆயினும் தம் எழுத்தை விட்டிலர். தமிழெழுத்து அறியாத பிள்ளைக்கு மணிமேகலையும் வீரசோழியமும் பூட்டிய பேழைகளே. ஆதலின் அன்பர்களே, மாலைதோறும் ஒரு நாழிகையேனும் நும் இல்லத் திண்ணையில் ஆண், பெண் இருபாலார்க்கும் தமிழ் எழுத்தறிவியுங்கள். நாட்டை இழந்தவர் செய்துகாட்டியதை, வீடும் நிலமும் உடைய நாம் செய்யாதிருத்தல் முறையாமோ?